படம் பார்த்துப் பரீட்சை எழுதிய கதை

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில், மறைக்கப்பட்ட பாலியல் அடையாளம் உறவுகளை என்ன செய்கிறது என்று பதினைந்து மார்க்குக்கு ஒரு கேள்வி வந்தது. பாடத்தில் இருந்தது டென்னஸி வில்லியம்ஸின் 1947 நாடகம், 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்'. நான் முதல் நாள் ராத்திரி 1951இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். நாயகி பிளான்ஷின் கணவன் ஆலன் மனபலம் இல்லாதவன், அதனால்தான் செத்தான் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். நாலு மார்க்!

அன்றைய ஹாலிவுட் தணிக்கைக்காக, ஆலன் தற்பாலீர்ப்பு உள்ளவன் என்பதையே படத்தில் எடுத்துவிட்டிருந்தார்கள். வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' நாடகத்துக்கும் 1958 படத்தில் கிட்டத்தட்ட இதே கதிதான். ஆகவே மூலத்தைப் படியுங்கள்.

அரியருக்குப் படித்தபோது 'ஸ்ட்ரீட்கார்' நாடகத்தின் ஆறாம் காட்சியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். ஆலன் மேடைக்கே வருவதில்லை. பிளான்ஷ் சொல்லித்தான் அவனைத் தெரியும். யாரும் இல்லை என்று நினைத்து ஓர் அறைக்குள் போகிறாள், அவனையும் இன்னொரு ஆணையும் பார்த்துவிடுகிறாள். அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். மூவரும் ஒன்றுமே நடக்காததுபோல் குடித்துச் சிரித்துக்கொண்டு காரில் போகிறார்கள். அதாவது ரகசியம் இப்போது அவளுடையதும்கூட. நடனத்தின் நடுவே அடக்கமாட்டாமல், உன்னைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். வெளியே ஓடியவன் சுட்டுக்கொண்டு சாகிறான்.

அதன்பின் மறைத்து வாழ்வது அவள் முறை. வயதை மறைக்கிறாள், கடந்த காலத்தை மறைக்கிறாள், தன்னை விரும்பும் மிட்சிடம் சொல்லி வெறும் பல்பில் காகித விளக்குக்கூடு மாட்டவைக்கிறாள். ஒன்பதாம் காட்சியில் அதே மிட்ச் அதைப் பிய்த்தெறிகிறான். மறைத்தவனைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிப் பதில்தான். பக்கத்தில் இருந்தவள் என்ன ஆனாள் என்பதில்தான் மார்க் இருக்கிறது.

இன்னொன்று: பாத்திரத்துக்கு முத்திரை குத்த அவசரப்படாதீர்கள். 'கேட்' நாடகத்தின் நாயகன் பிரிக் தற்பாலீர்ப்பு உள்ளவனா இல்லையா என்று வகுப்பில் அடிதடி நடக்கும். கொஞ்சம் மர்மம் மிஞ்சட்டும் என்று வில்லியம்ஸே மேடைக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நண்பன் ஸ்கிப்பர் போனில் மனதைத் திறக்க, பிரிக் இணைப்பைத் துண்டித்தான். இந்த உறுதியான தகவலை வைத்து எழுதுங்கள்.

அரியரில் பதிலை அந்த விளக்குக்கூட்டிலிருந்து தொடங்கினேன். பதினொன்று வந்தது.