செங்கால் விதை காத்திருக்காது

மலேசியக் காட்டு மரமான செங்காலின் (chengal) கன்று வளர்க்க நினைப்பவர்கள் முதலில் நாற்றங்காலைத் தயார் செய்யுங்கள், விதை தேடுவது அப்புறம். தேக்கு விதை மாதிரி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அதே கதிதான். மரமும் வருடா வருடம் காய்த்துத் தள்ளாது.

கீழே கிடக்கிறதே என்று பொறுக்கிவிடாதீர்கள். நிரந்தர ரிசர்வ் காட்டில் எடுப்பதற்கு 1984 தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

விழுந்து சில நாட்களுக்குள் எடுத்த காய்தான் தேறும். ஊசித்துளை இருந்தால் உள்ளே கூன்வண்டுப் புழு இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். நனைத்துப் பிழிந்த சணல் சாக்கில் சுற்றி, நிழலில் கொண்டுவர வேண்டும். வாயைக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காரில் வைத்தால் வெந்து புளித்துவிடும். பல தாய்மரங்களிலிருந்து கலந்து எடுங்கள். தனித்து நிற்கும் மரத்தில் தன்மகரந்தச் சேர்க்கை அதிகம், அந்த விதையில் வரும் கன்றுகள் நோஞ்சானாகப் போகும்.

அன்றே விதைப்பது உத்தமம். கழுவிய ஆற்றுமணலில் காயைப் படுக்கை வசமாக, பாதி புதையும்படி வைக்கிறோம். வேர் கூர்முனையிலிருந்து வரும். தலைகீழாக நட்டால் தண்டு வளைந்து, பிறகு நிமிராது. மேலே 50 விழுக்காடு நிழல்வலை, காலையும் மாலையும் தண்ணீர். முதல் இலைகள் விரிந்ததும் 6க்கு 9 அங்குல பாலித்தீன் பைக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் ஆணிவேர் ஒடியும். பைக்குள் மேல்மண் மூன்று பங்கு, மக்கு உரம் இரண்டு, மணல் ஒன்று. தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடி சேர்த்தால் வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் வந்துவிடும். கடை உரத்தை அள்ளிப் போடுவதைவிட இது மேல்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். வலைக்கடியிலிருந்து நேராக வெட்டவெளிக்கு மாற்றினால் இலை கருகும். பையடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தப் பகுதியை நறுக்கிவிட்டு நட வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வேரே மரத்தை நெரிக்கும். அக்டோபர், நவம்பர் மழைதான் தோது. வேர்க்கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்மட்டத்தில் இருக்கட்டும், மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலுக்கு இது ஏற்ற மரமல்ல, 60 மீட்டர் வரை போகும்.

தீபகற்ப மலேசியாவையும் தாய்லாந்தின் தென்கோடியையும் விட்டால் இதற்கு வேறு காடு கிடையாது. படகு, பாலம், வீட்டுத்தூண் என்று எல்லாவற்றுக்கும் இதையே வெட்டினோம். தீபகற்பத்தின் தேர்வுவெட்டு முறையில், அதாவது பருத்த மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையில், செங்காலின் குடும்பமான டிப்டெரோகார்ப்பின் மற்ற மரங்களை 50 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் இருந்தால் வெட்டலாம், செங்காலுக்கு மட்டும் 60. ஆனால் மறுவெட்டு 30 ஆண்டில் வந்துவிடும், இன்று நட்ட கன்று அதற்குள் அந்தப் பருமனை எட்டாது. திருட்டு மரத்தின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க கெப்போங் ஆய்வாளர்கள் மரபணுத் தரவுத்தளம் உருவாக்கியிருக்கிறார்கள். அதனால் கன்று கொடுப்பவரிடம் தாய்மரம் எந்தக் காட்டில் நிற்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நட்டபின் முதல் இரண்டு ஆண்டுகள் கொடியை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பிறகு மேலே கவிந்திருக்கும் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். நிழலிலேயே விட்டால் சாகாது, வளரவும் செய்யாது.