3 மணிக் குறிப்புகள்

மார்ச் 4

51 கிலோ. போன வாரம் 52.

மார்ச் 5

விடிகாலை 3 மணிக்கு விழிப்பு. தலையணை உறை பிழியலாம் போல நனைந்திருந்தது. மறுபடி படுக்கப் பிடிக்காமல் ஜே கூல்ட்டை எடுத்தேன். 1883-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் அவர் கொடுத்த வாக்குமூலம். மிசௌரி பசிபிக் ரயில்வே, வெஸ்டர்ன் யூனியன் தந்தி கம்பெனி எல்லாம் கைக்குள் வந்துவிட்ட ஆள், உட்கார்ந்து தன் காலில் குத்திய முள்ளைப் பற்றிப் பேசுகிறார். நியூயார்க் மாநிலத்தில் ராக்ஸ்பரி. காலையில் மாடுகளை ஓட்டிவருவது சின்னப் பையனின் வேலை, அப்புறம் அக்காக்களோடு பால் கறக்க வேண்டும். செருப்பு கிடையாது. இப்படி ஒரு விவசாயம் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். அந்த ஊர் முட்செடி வேறு வகை. எனக்கு நெருஞ்சிதான் கண்ணுக்கு வந்தது.

பிற்பாடு கடையில் வேலை பார்த்தபோது அவரும் 3 மணிக்கு எழுந்திருக்கிறார். 6 வரை நில அளவைப் படிப்பு. நான் 6 வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

அம்மாவிடம் சொன்னேன். "20 மாடு வெச்சிருந்த வீடு ஏழை வீடாடா?" என்றாள். நியாயமான கேள்வி. அவனுக்கு 5 வயசு நிறையறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க என்றேன். ஒன்றும் பேசாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாறிவிடக் கூடாது என்று தட்டின் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 8

வெறும் வயிற்றில் 4 மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு மிட்டாய் நிறம்.

"இருமல் இன்னும் போகலையா தம்பி?" கீழ்வீட்டுக்காரர், படியில் நின்றுகொண்டு.

"டஸ்ட் அலர்ஜி சார்."

மார்ச் 9

இன்றும் 3 மணி. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அல்ஸ்டர் கவுண்டிக்கு வரைபடம் போட ஒருவர் இவனை மாதம் 20 டாலருக்கு அமர்த்துகிறார். கையில் காசு தரவில்லை, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தருகிறார். சாப்பிட்ட இடத்தில் கடன் எழுதிக்கொள், நான் பின்னால் வந்து கொடுக்கிறேன் என்று. இரண்டு மூன்று நாளிலேயே ஒரு வீட்டுக்காரன் கத்துகிறான்: அந்த ஆள் மூன்று தடவை திவாலானவன், உன்னிடம் பணம் இருக்கிறது, எடு. பையன் இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டுகிறான்.

அதற்கப்புறம் அன்று யாரிடமும் சாப்பாடு கேட்க வாய் வரவில்லை. மதியம் 3 மணிக்குத் தலை சுற்றி உட்கார்ந்து அழுதிருக்கிறான். அடுத்த வீட்டில் சோறு கிடைக்கிறது. (ரொட்டியும் பாலும்தான். சோறு என்றே எழுத வருகிறது.) கிளம்பும்போது அந்த விவசாயி, ஜன்னலில் உச்சிவெயில் கோடு ஒன்று போட்டுத் தருவாயா என்கிறார். வடக்கு தெற்காகக் கோடு. நிழல் அதில் விழுந்தால் மணி 12. கூலி ஒரு டாலர், அதில் சாப்பாட்டுக்குப் பிடித்தம். அந்தக் கோடையின் செலவு முழுவதையும் வீடு வீடாகக் கோடு போட்டே சமாளித்தானாம்.

என் ஜன்னல் மேற்குப் பார்த்தது.

மார்ச் 11

1868-ல் இதே நாள். ஈரி ரயில்வே பங்குகளைப் புதிது புதிதாக அச்சடித்து, அந்தக் கம்பெனியை வளைத்துப்போடப் பார்த்த பணக்காரர் வாண்டர்பில்ட் தலையில் கட்டிவிட்டு, கூல்ட் கைதுக்குப் பயந்து ஆற்றைத் தாண்டி ஜெர்சி சிட்டிக்கு ஓட்டம். சிரித்தேன். சிரித்தால் இருமல்.

மார்ச் 12

இல்லை, சிரிக்க ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் செப்டம்பர் 24-ஐப் படித்தேன். கூட்டாளிகள் தங்கத்தை வாங்கிக்கொண்டிருக்க, இவர் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் தங்க விலை சரிந்து எத்தனை பேர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டியிருப்பார்கள்! இந்த ஆளுக்காகவா அன்றைக்குத் தொண்டை அடைத்தது?

மார்ச் 13

50.5.

மார்ச் 14

கடைசி வருஷங்களில் அவருக்கும் இதே காசநோய்தான். 1892 டிசம்பர் 2-ல் இறந்தார், 56 வயது. வெளியே தெரிந்தால் பங்கு விலை சரியும் என்று மூச்சுவிடவில்லை. இருமலுக்கு என்ன காரணம் சொல்லியிருப்பார்?

எங்களுக்கு விழ பங்கு கிடையாது. 11 மாத வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 16

3 மணி இல்லை, சாயங்காலம். கீழே பேச்சுச் சத்தம். அம்மா குரல் மட்டும் கேட்கிறது. இவ்வளவு நேரமாகியும் டஸ்ட் என்ற வார்த்தை வரவில்லை.