ஞாயித்துக்கிழமை ஹாங்காங்ல டிம் சம்

ஹாங்காங் போறவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், ஞாயித்துக்கிழமை தங்குற ஹோட்டல் பஃபேல வயித்த ரொப்பிக்காதீங்க, நல்ல பசியோட கிளம்பி ட்ராலில டிம் சம், அதாவது டீயோட சாப்பிடற சின்னச் சின்னப் பலகாரங்கள், தள்ளிட்டு வர்ற இடமா பாத்துப் போங்க. இப்போ நிறைய இடத்துல ட்ராலிய எடுத்துட்டாங்க, பேப்பர்ல டிக் போட்டுக் குடுத்தா கிச்சன்ல இருந்து வந்துடும். ருசில ஒரு குறையும் இல்ல, ஆனா மூங்கில் கூடையத் திறந்து ஆவி பறக்கக் காட்டுறதைப் பாத்து எடுத்துக்கற சுகம் அதுல கிடைக்காது.

நாங்க போனது ஹாங்காங் தீவுல சென்ட்ரல்ங்கற பகுதில, 1962ல திறந்த சிட்டி ஹால் கட்டடத்துல இருக்கற மாக்சிம்ஸ் பேலஸ் ரெஸ்டாரன்ட். எதிர்க்கரைல இருக்கற சிம் ஷா சுய்ல ஸ்டார் ஃபெர்ரி படகு ஏறி இந்தக் கரைல இறங்குனா நடக்குற தூரம்தான். பக்கத்துல சாட்டர் ரோட்ல அன்னைக்கு வண்டி விட மாட்டாங்க, வீட்டு வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைய விரிச்சு உக்காந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகிட்டு இருந்தாங்க, பெரும்பாலும் அவங்களுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் லீவு, அதை நின்னு பாத்துட்டுத்தான் மேல போனோம்.

டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ள போனா பெரிய ஹால், வட்ட டேபிள், தாத்தா பாட்டில இருந்து கைக்குழந்தை வரைக்கும் குடும்பம் குடும்பமா. முதல்ல டீதான். நாங்க கருப்பா மண் வாசனையோட இருக்கற பூ-ஏர் கேட்டோம், எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் சரி. பக்கத்து டேபிள்ல பேத்தி டீ ஊத்துனா, தாத்தா பேச்சை நிறுத்தாமலே ரெண்டு விரலால டேபிளைத் தட்டுனாரு, அதுதான் அங்க நன்றி. டீ தீந்துட்டா கூப்பிடவே வேணாம், கெட்டில் மூடியச் சாய்ச்சு வச்சா தானா வந்து சுடுதண்ணி ஊத்திடுவாங்க.

வந்ததுலயே என்னைக் கட்டிப்போட்டது ஹார் காவ். நம்ம கொழுக்கட்டை மாதிரிதான் சொப்பு, ஆனா மேல்மாவு குளுட்டன் எடுத்த கோதுமை ஸ்டார்ச், வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இறால் ரோஸ் கலர்ல தெரியுது, ஓரத்துல மடிப்பு மடிப்பா தையல் மாதிரி கைவேலை, சாப்ஸ்டிக்ல தூக்குனா கிழியக் கூடாது, கடிச்சா இறால் நறுக்குன்னு இருக்கணும், ரெண்டுமே இருந்துச்சு. பன்னிக்கறி வச்ச சியு மாய், தாமரை இலைல மடிச்ச ஒட்டரிசி எல்லாம் நல்லாவே இருந்துச்சு, முட்டை டார்ட் சூடா வந்தா விடாதீங்க. கூடைக்கு மூணு நாலு பீஸ்தான், அதனால கூட்டமா போனாத்தான் நிறைய வகை ருசி பாக்கலாம். எடுக்க எடுக்க கார்டுல சீல் குத்துவாங்க, கடைசில அதை வச்சுத்தான் பில்.

சைவம் சாப்பிடறவங்க மட்டும் கேட்டுக் கேட்டு எடுங்க, முள்ளங்கி கேக்குன்னு பேர் இருந்தாலும் உள்ள சாசேஜும் காஞ்ச இறாலும் இருக்கும். புத்த மத சைவ ரெஸ்டாரன்ட்ல டிம் சம் தனியா கிடைக்குது, அவங்க அங்க போறதே நல்லது.