தம்பி, தலையை ஆட்டாதே

போன மாதம் அக்கா மகனுக்கு ஓயாத தலைவலி என்று எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருந்தோம். பதினைந்து வயது, சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத ஆள். முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, காதுக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டைச் செருகி, அவசரமென்றால் அமுக்கு என்று கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். ஐந்தே நிமிடத்தில் மைக்கில் குரல்: "தம்பி, தலையை ஆட்டாதே." அப்புறம் இன்னொரு தடவை. வெளியே வந்தவன், "நான் ஆடவே இல்லை மாமா, எச்சில்தான் முழுங்கினேன்" என்றான். (ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. கண்ணாடி போடச் சொன்னார்கள், அவ்வளவுதான்.)

இந்த எச்சில் முழுங்குகிற சமாச்சாரம் மூளை ஆராய்ச்சிக்காரர்களையே கொஞ்ச காலம் ஏமாற்றியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் சும்மா படுத்திருப்பவரின் மூளையில் இரண்டு இடங்களில் ரத்த ஆக்சிஜன் சிக்னல் (அந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்) சேர்ந்தே ஏறி இறங்கினால், அந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2009-ல் இப்படிப் பார்த்துவிட்டு, சிறுவர்களின் மூளையில் பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான் அதிகம் பேசிக்கொள்கின்றன, வளர வளரத் தூரத்து இடங்களோடு உறவு பலப்படுகிறது என்று எழுதியது. கேட்கவே அழகாக இருந்தது. தெருவுக்குள் சுற்றிய பையன் வெளியூர்ப் பேருந்து ஏறுகிற மாதிரி. நானும் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

2012-ல் அதே ஆய்வகத்திலிருந்து, முந்தைய கட்டுரையிலும் பெயர் இருந்த ஜொனாதன் பவர் முதல் ஆசிரியராக, இன்னொரு கட்டுரை வந்தது. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே பக்கத்து இடங்களின் தொடர்பு கூடியதாகவும் தூரத்துத் தொடர்பு குறைந்ததாகவும் பொய்யாகத் தெரியும் என்று காட்டினார்கள். சரி, ஸ்கேனருக்குள் அதிகம் அசைவது யார்? சின்னப் பிள்ளைகள். வளர்ச்சி என்று நினைத்ததில் ஒரு பங்கு, வயது ஏற ஏற அசையாமல் படுக்கப் பழகியதுதான்! தாங்கள் கட்டிய வீட்டில் தாங்களே விரிசலைக் காட்டியதற்காகவே இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

அதற்காக எல்லாமே பொய்யென்று ஆகிவிடவில்லை. 1979-லேயே சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நரம்பிணைப்புகளை எண்ணி, முன்மூளையில் குழந்தைப் பருவத்தில் மண்டிக்கிடக்கும் இணைப்புகள் பதினாறு வயதுக்குள் நன்றாகக் குறைந்துவிடுவதைக் கண்டார். அவர் எண்ணியது இறந்தவர்களின் மூளையில், அங்கே ஆடுகிற பிரச்சினையே இல்லை. மூளை தன் களையைத் தானே பறிக்கிற வேலை இது. இன்னொரு பக்கம், நீளமான நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை ஏறிக்கொண்டே போகும், சிக்னல் வேகம் கூடும்.

கேம்பிரிட்ஜ், லண்டன் ஆராய்ச்சிக்காரர்கள் 14 முதல் 26 வயது வரையுள்ள 298 பேரை ஸ்கேன் செய்து, தலை அசைவின் பாதிப்பைக் கவனமாகக் கழித்துவிட்டுப் பார்த்த முடிவு 2020-ல் வந்தது. பார்ப்பது, கை கால் அசைப்பது போன்ற வேலைகளுக்கான பகுதிகளில் 14 வயதில் பலமாக இருந்த தொடர்பு இன்னும் பலமாகிறது, அவ்வளவுதான். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற மாதிரி வேலைகளுக்குக் கைகொடுக்கும் பகுதிகளில்தான் புரட்டிப்போடுகிறது: பலவீனமாயிருந்தது பலமாகிறது, பலமாயிருந்தது தளர்கிறது. எனக்குப் பிடித்தது இந்தக் கதைதான். ஒரே நூலைத் தடிமனாக்குவதோடு நிற்காமல் மூளை சிலதை அவிழ்த்து வேறு இடத்தில் முடிச்சுப் போடுகிறது.

நம்ம ஆள் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, "25 வரைக்கும் மூளை முழுசா வளராதாம்மா" என்று மார்க் குறைந்ததற்கெல்லாம் அக்காவிடம் அதையே சொல்கிறானாம். 25-ல் திடீரென்று பூட்டு விழுகிற கதவு எதுவும் கிடையாது. கனடாவில் 5 முதல் 32 வயது வரையுள்ளவர்களைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்த 2011 ஆய்வில், முன்மூளையை மற்ற இடங்களோடு கட்டும் சில நரம்புக் கற்றைகள் இருபதுகளிலும் மாறிக்கொண்டிருந்தன. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஏழு வருஷம் கூடுதலாகக் கேட்பான்.