நெட் சரிதான், வைஃபைதான் திணறியது

மூன்று மாதம் ஒரே கூத்து. பகலில் ஒழுங்காக ஓடும் நெட், இரவு எட்டு மணியானால் இழுக்க ஆரம்பிக்கும். வீடியோ காலில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார்; பேச்சு மட்டும் பத்து விநாடி கழித்து மொத்தமாக வந்து விழும். நானும் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவேன், அப்புறம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துவேன். "எங்க பக்கம் லைன் கிளியரா இருக்கு சார்" என்பார்கள். நான் நம்பவே இல்லை.

ஒரு நாள் வெறுத்துப்போய் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்தேன். இரவு எட்டரை மணி. பிளானில் சொன்ன வேகம் அப்படியே வந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சந்தேகம் தீர, ரவுட்டருக்கே பிங் கொடுத்தேன், அதாவது சின்னதாக ஒரு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். என் ரவுட்டரின் முகவரி 192.168.1.1, பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பத்தடி தள்ளி இருக்கிற பெட்டி, இரண்டு மூன்று மில்லி விநாடியில் பதில் சொல்ல வேண்டும். வந்ததோ 3, 4, 310, 6, 742, அப்புறம் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', அதாவது பதிலே இல்லை. வீட்டுக்குள் இருக்கிற ரவுட்டரே முக்கால் விநாடி யோசித்தால் கம்பெனிக்காரர் என்ன செய்வார், பாவம்.

போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தேன். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 23 நெட்வொர்க். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லோரும் ஒரே காற்றில் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு ஏன் இழுக்கிறது என்பது அப்போது புரிந்தது: எல்லோரும் வீடு திரும்பும் நேரம்.

அந்த அலைவரிசையை எண் போட்டுச் சேனல்களாகப் பிரித்திருப்பார்கள். 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் நெரிந்தது. 3 காலியாக இருந்தது. காலி மனை கிடைத்த சந்தோஷத்தில் அதைப் பிடித்தேன். நிலைமை இன்னும் மோசமானது. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபைக்கோ குறைந்தது 20 வேண்டும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசிக்கொள்ளும். 3-இல் உட்கார்ந்தால் 1-இன் பேச்சும் 6-இன் பேச்சும் பாதி பாதியாக வந்து வெறும் இரைச்சலாக விழும். அதனால் 11-க்குப் போய், 40 என்று இருந்த சேனல் அகலத்தை 20 ஆக்கினேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

உண்மையில் காப்பாற்றியது இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ்தான். சுவரைத் தாண்ட அதற்குத் தெம்பு குறைவு என்பார்கள். அப்பார்ட்மெண்டில் அதுதான் நல்லது, அடுத்த வீட்டு இரைச்சலும் அவ்வளவாக உள்ளே வராது. என் ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பியதால் போன் பழைய 2.4-ஐயே பிடித்துத் தொங்கியது. தனித்தனிப் பெயர் வைத்தேன். டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரவுட்டரை வெளியே எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். படுக்கையறையில் மைனஸ் 78 காட்டிய சிக்னல் மைனஸ் 61 ஆனது (இது பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது).

இதிலும் ஒரு தடங்கல். 5 கிகாஹெர்ட்ஸில் நான் பிடித்த சேனல் 100. அவ்வப்போது வைஃபை மொத்தமாக மறைந்து, ஒரு நிமிடம் கழித்து வரும். அந்தப் பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. 36-க்கு மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது.

இதற்கெல்லாம் முன்பே அவசரப்பட்டு வாங்கிய ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) இழுப்பறையில் தூங்குகிறது. நெரிசலில் கேட்டதை அதே நெரிசலில் திரும்பச் சொன்னதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை.

போன வாரம் சும்மா ஆப்பைத் திறந்தேன். சேனல் 3-இல் யாரோ புதிதாக, முழு பலத்தில். எதிர் வீட்டு அண்ணன். கதவைத் தட்டினேன். "காலியா இருந்துச்சு தம்பி, பிடிச்சுட்டேன்" என்றார். வாசலில் நின்றபடியே அவர் போனில் ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்து அவரை 1-க்கு மாற்றிவிட்டு வந்தேன்.