லேட்டு வேற, விறைப்பு வேற

பையன் பொறந்தது 2022 ஜூன்ல, 28 வாரத்துல, எடை 1060 கிராம். டியூ டேட் செப்டம்பர். விடியக்காலைல பனிக்குடம் உடைஞ்சிருச்சு, நான் செக்கப் போய்ட்டிருந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா பாத்துட்டு இங்க என்ஐசியூ (பச்சப்புள்ளைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) கிடையாது, பொறந்தப்புறம் புள்ளைய ஆம்புலன்ஸ்ல போட்டு குலுக்கிட்டு ஓடுறத விட வயித்துல வச்சே கொண்டு போயிருங்கன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசியப் போட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பிட்டாங்க. அந்தம்மாவ இன்னைக்கும் நெனச்சுக்குவேன். அந்த ஊசி 12 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் நாலு, நுரையீரலுக்குன்னு தான் நெனச்சிருந்தேன், மூளைல ரத்தம் கசியுற வாய்ப்பையும் குறைக்குமாம். மெக்னீசியம் ட்ரிப்ஸ் ஏத்துனப்போ உடம்பெல்லாம் மிளகாய அரைச்சுப் பூசுன மாதிரி காந்துச்சு, அதுவும் புள்ள மூளைக்குத்தான்னு சொன்னாங்க. நாலாவது ஊசி போட்டு சில மணி நேரத்துல பொறந்துட்டான்.

ஆச்சி வந்து ஏழுல பொறந்தா பொழைச்சுக்கும் எட்டுன்னா தான் பயம்னு சொல்லிட்டு விபூதி பூசிட்டுப் போனாங்க. ஆறுதலுக்கு சொல்றாங்க, சரி. ஆனா டாக்டர்ட்ட கேட்டப்போ அப்படியெல்லாம் ஒரு கணக்கும் இல்லம்மா, உள்ள இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம் தான்னுட்டார்.

முதல் மூணு நாள் இன்குபேட்டர் பெட்டிக்குள்ள கைவிட்டு தொடக்கூட யோசிச்சாங்க. தலைய ஒரு பக்கமா சாய விடாம நேரா வச்சிருந்தாங்க. டயப்பர் மாத்தும்போது நம்ம வீட்ல ரெண்டு காலையும் சேத்துத் தூக்குவோம்ல, அங்க சிஸ்டர் தூக்கவே இல்ல, மெதுவா பக்கவாட்டுல திருப்பி மாத்துனாங்க. ஏன் சிஸ்டர்னு கேட்டேன். காலைத் தூக்குனா ரத்தம் சட்டுனு தலைக்கு ஏறும், மூளைக்குள்ள இந்த வாரத்துல இருக்கிற ரத்தக்குழாய் ரொம்ப மெல்லிசு, கசிவு வந்தா பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துல தான் வரும்னாங்க. அப்புறம் எனக்கு கடிகாரத்தப் பாக்குறதே வேலையாப் போச்சு.

நாலாம் நாள் ஸ்கேன். மெஷின பெட்டி பக்கத்துல தள்ளிட்டு வந்து உச்சிக்குழில ஜெல் தடவி, அங்க இன்னும் எலும்பு மூடலைல்ல, அந்த வழியா தான் உள்ள பாக்குறாங்க. அவன் தலை ஒரு ஆரஞ்சுப் பழம் அளவு தான் இருக்கும், அந்த கருவியே தலைல பாதி இருந்துச்சு. இடது பக்கம் கிரேடு 2 கசிவு. எங்க வீட்டுக்காரங்க வெளிய போய் நின்னுட்டாங்க. டாக்டர் ஒரு பேப்பர்ல ரெண்டு கொம்பு மாதிரி வரைஞ்சு காட்டுனார், மூளைக்குள்ள தண்ணி நிக்கிற அறை இது, இதோட ஓரத்துல மட்டும் கசிஞ்சா 1, அறைக்குள்ள வந்துட்டா 2, அறை விரிஞ்சு போற அளவுக்கு ரத்தம்னா 3, மூளைத் திசுக்குள்ளயே போயிட்டா 4. தண்ணி கட்டுதான்னு அடிக்கடி டேப்பால தலை சுத்தளவு எடுத்தாங்க. நல்லவேளை கட்டல.

பால் பீய்ச்சிக் குடுத்தது, டியூப்ல 2 மில்லில ஆரம்பிச்சு பாலாடைக்கு வந்தது, கண்ணுக்கு ஆர்ஓபி டெஸ்ட் (குறைமாசப் புள்ளைங்களுக்கு விழித்திரையப் பாக்குறது), நெஞ்சுல போட்டு கங்காரு கேர் எல்லாம் தனிக் கதை. 58 நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். 40 வாரக் கணக்குல எடுத்த ஸ்கேன்ல சிஸ்ட் (மூளைல நீர்க்கட்டி மாதிரி) எதுவும் இல்ல, கசிவும் கரைஞ்சிருச்சுன்னு வந்துச்சு. முடிஞ்சதுன்னே நெனச்சேன்.

பொறந்து எட்டு மாசம் இருக்கும், கரெக்டட் ஏஜ் அஞ்சு மாசம் (டியூ டேட்ல இருந்து எண்ணுறது, ரெண்டு வயசு வரைக்கும் அந்தக் கணக்கு தான்). தலை நின்னுருச்சு, முகம் பாத்து சிரிப்பான். ஆனா டயப்பர் மாத்த காலைப் பிரிச்சா பிரியாது. சின்னப் புள்ள கால் தானே, கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, பாதம் கீழ நோக்கி நீட்டிக்கிட்டு, தூக்கி நிறுத்துனா நுனிக்கால்ல நிப்பான். வீட்ல உள்ளவங்க பாருங்க இப்பவே நிக்குறான்னு சந்தோசப்பட்டாங்க! பக்கத்துல இருந்த டாக்டர்ட்ட காட்டுனா குறைமாசம்னா எல்லாம் லேட்டா தான் வரும், பொறுமையா இருங்கன்னார். எனக்கும் அதக் கேக்கத் தான் ஆசை. அதனால ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டேன், என் மேலயும் தப்பு, டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஃபாலோ அப் தேதி போட்டிருந்துச்சு, ஸ்கேன் நல்லா வந்ததால நான் தான் போகல.

அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டிஇஐசின்னு ஒண்ணு (புள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே பாத்து சிகிச்சை தர்ற மையம்) இருக்குன்னு மைனி சொல்லி கூட்டிட்டுப் போனாங்க, காசு கிடையாது. பிசியோ மேடம் காலை ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வியே எப்போல இருந்து இப்படி இருக்குன்னு தான். லேட்டுக்குத் தாம்மா கரெக்டட் ஏஜ் கணக்கு, விறைப்புக்கு இல்ல, விறைப்புன்னா எந்த வயசுலயும் உடனே காட்டணும்னாங்க. எம்ஆர்ஐ எடுத்தோம். பிவிஎல். அந்த தண்ணி அறைக்கு ஓரத்துல இருக்கிற வெள்ளைப் பகுதி அடிவாங்கியிருக்கு, ரத்தக்கசிவு மட்டும் தான் காரணம்னு இல்ல, அந்த வாரங்கள்ல அந்த இடத்துக்கு ரத்தம் போதாம போனாலும் வருமாம், பெரிய சிஸ்ட்னா உச்சிக்குழி ஸ்கேன்ல தெரியும், லேசா இருந்தா தப்பிச்சிரும். ஏன் கால் மட்டும்னு கேட்டேன். மூளைல இருந்து காலுக்குப் போற நரம்பு தான் அந்த அறைய ஒட்டிப் போகுது, கைக்கும் முகத்துக்கும் போறது கொஞ்சம் தள்ளிப் போகுதுன்னாங்க. எனக்கு டாக்டர் வரைஞ்ச அந்த ரெண்டு கொம்பு தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

வாரத்துக்கு ரெண்டு நாள் பிசியோவுக்கு பஸ்ல போய் வந்தோம், மத்த நாள் வீட்ல. என் ஒரு தொடைக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு குதிரை மாதிரி உக்கார வச்சு முன்னாடி கிண்ணத்துல பொரி வச்சிருவேன், அவன் எட்டி எட்டி எடுப்பான், கால் தானா விரியும். மாமா ஆசையா வாக்கர் வாங்கிட்டு வந்தாங்க, மேடம் அதப் பாத்தா திட்டுவாங்கன்னு பரண்ல போட்டாச்சு, அதுல விட்டா நுனிக்கால்ல தள்ளிப் பழகிரும்.

23 மாசத்துல நடந்தான். வலது கால் இன்னும் கொஞ்சம் நுனில தான், அதுக்கு ஸ்ப்ளின்ட் (பாதத்த நேரா பிடிச்சு வைக்க கால்ல மாட்டுறது). காலைல வெல்க்ரோ டர்ருன்னு பிரியுற சத்தம் கேட்டா போதும் எங்க இருந்தாலும் ஓடிருவான். இப்போ எனக்கு இருக்கிற தலைவலி ஷூ தான், ஸ்ப்ளின்ட் போட்ட காலுக்கு ஒரு சைஸ் பெருசு வேணும், கடைல தனித்தனியா குடுக்க மாட்டேங்குறாங்க, ரெண்டு ஜோடி வாங்கி காலுக்கு ஒண்ணா போட்டுட்டு மீதிய எடுத்து வச்சிருக்கேன்.