கையூட்டுப் பணத்தில் ஓடிய போலீஸ் வண்டிகள்

ஜோசே பதில்யா இயக்கி 2007-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற 'ட்ரோப்பா டி எலீட்' என்னும் பிரேசில் நாட்டுப் போர்த்துகீசிய மொழிப் படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். கதை நடப்பது 1997-இல், போப்பாண்டவரின் வருகைக்குக் காத்திருக்கும் ரியோ டி ஜெனீரோ நகரத்தில்.

துப்பாக்கிச் சண்டைகளைவிட என்னை உலுக்கியவை காவல் நிலையக் காட்சிகள்தான். வண்டிகளின் நல்ல உதிரிபாகங்களை உடன் பணிபுரிபவர்களே கழற்றி விற்றுவிடுவதால், ரோந்துக்குப் போக வேண்டியவை பட்டறையில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்க வழியில்லாத நேட்டோ, மத்தியாஸ் என்னும் இரு இளம் அதிகாரிகள், மேலதிகாரிக்குப் போய்ச்சேர வேண்டிய மாமூல் பணத்தையே மடக்கி வண்டிகளை ஓடவைக்கிறார்கள். நேர்மையாக வேலை செய்யவே ஊழல் பணத்தில் கைவைக்க வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! கொலைக் கணக்கைக் குறைத்துக் காட்டப் பிணத்தை அடுத்த சரகத்தின் எல்லைக்குள் தள்ளிவிடும் காட்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

விசாரணை என்ற பெயரில் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி மூச்சை நிறுத்தும், சிறப்புக் காவல் படையின் கேப்டன் நாசிமெந்தோவை நாயகனாகக் கொண்டாடுவோருடன் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. வாக்னர் மௌராவின் நடிப்பில் அந்த மனிதனின் நடுக்கமும் சேர்ந்தே தெரிகிறது. 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அவசியம் பாருங்கள். போதைப்பொருள் கும்பல் விரட்டப்பட்ட குடிசைப் பகுதிகளில், எரிவாயுவுக்கும் கேபிள் இணைப்புக்கும் அதே காவலர்களே வசூலில் இறங்குகிறார்கள்.